ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்

நமது அங்கத்தவர்களில் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகின்றனர். "நாடு இப்போது யார் பக்கம்? சீனாவின் பக்கமா, இந்தியாவின் பக்கமா, அமெரிக்காவின் பக்கமா?" என்பதே அக்கேள்வி. அவர்கள் இதனை அரசியல் ஆர்வத்தினால் கேட்கவில்லை. அடுத்த மாதம் எந்தத் துறைமுகத்திலிருந்து சரக்கு வரும், எந்த நாட்டுச் சரக்குக்குத் தடை விழும், எந்த வங்கி எல்.சி. திறக்க மறுக்கும் என்ற கவலையினால் கேட்கின்றனர். 2021, 2022 ஆம் ஆண்டுகளைக் கடை திறந்து கடந்து வந்தவர்கள் நாம். இது வீண் கவலை என்று எவரும் நம்மிடம் சொல்லிவிட முடியாது.

நமது விடையை முதலிலேயே சொல்லி விடுகின்றோம். ஒரு சிறிய நாட்டைப் பார்த்து யார் பக்கம் என்று கேட்பதால் பயனில்லை. யாருக்கு என்ன விற்கின்றோம், யாரிடம் என்ன வாங்குகின்றோம், யாருக்கு எவ்வளவு கடன் பட்டிருக்கின்றோம் என்றே கேட்க வேண்டும். பெரிய நாடுகளின் பகை நம் கையில் இல்லை. நம்முடைய பேரேடு நம் கையில் இருக்கின்றது. அது ஒழுங்காக இருந்த காலத்தில் இந்நாடு வல்லரசுகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றிருக்கின்றது. அது குழம்பிய காலத்தில் எல்லோருடைய வாசலிலும் போய் நின்றிருக்கின்றது. இரண்டுக்கும் நம் சொந்த வரலாற்றிலேயே சான்று உண்டு.

1952 இல் நடந்தது

உணவுப் பொருள் வியாபாரம் செய்யும் நாம் மறக்கக் கூடாத உடன்படிக்கை ஒன்று உண்டு. அதுவே 1952 டிசம்பர் 18 ஆம் திகதி பீக்கிங் நகரில் கைச்சாத்தான அரிசி - இறப்பர் உடன்படிக்கை. அன்றைய நிலைமையை இளைய தலைமுறை வியாபாரிகள் அறிந்திருப்பது நன்று.

கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தம் தொடங்கியபோது ஏறிய இறப்பர் விலை பின்னர் வேகமாக இறங்கியது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. விற்கும் பொருள் இறங்கி, வாங்கும் பொருள் ஏறினால் கடை என்னவாகும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கை தன் அரிசித் தேவையில் பெரும் பங்கை வெளியிலிருந்து வாங்கிய நாடு. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. பங்கீட்டு அரிசி கொடுக்க முடியாமற் போனால் அரசாங்கமே நிலைக்காது என்ற நிலை தோன்றியது.

அரசாங்கம் முதலில் அமெரிக்காவுடன் பேசிப் பார்த்தது. இறப்பருக்கோ அரிசிக்கோ ஏற்கத்தக்க விலை அமையவில்லை. மறுபுறத்தில் சீனாவுக்கு இறப்பர் அவசரமாகத் தேவைப்பட்டது. 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, யுத்தத்துக்கு உதவும் பொருட்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாதென்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த மலாயாவிலிருந்து சீனாவுக்கு இறப்பர் போவது நின்று விட்டது. கையில் இறப்பர் வைத்திருந்து, விற்கவும் சுதந்திரம் உடைய நாடாக இலங்கை இருந்தது. அன்று இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரில்தான் பெற்றது.

ஆட்சியில் இருந்ததோ கொம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. பிரதமர் டட்லி சேனாநாயக்க. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க. சீனாவுடன் அன்று தூதரகத் தொடர்புகூட இருக்கவில்லை. அது 1957 இல்தான் ஏற்பட்டது. அப்படியிருந்தும் வர்த்தக அமைச்சர் பீக்கிங்குக்குப் போனார். ஆண்டொன்றுக்கு 270,000 மெட்ரிக் தொன் அரிசி வாங்குவது, 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் கொடுப்பது, ஐந்து ஆண்டுகளுக்கு இது நடப்பது என்று முடிவாயிற்று. இறப்பருக்கு உலகச் சந்தை விலையிலும் கூடிய விலை. அரிசிக்கு அன்றைய சந்தை விலையிலும் குறைந்த விலை. கொடுத்த இறப்பர் அன்றைய உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. யுத்தத்துக்கு உதவும் பொருட்களைக் கொம்யூனிஸ நாடுகளுக்கு விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாதென்று அமெரிக்கா 1951 இல் பேட்டில் சட்டம் என்றொரு சட்டம் செய்திருந்தது. அச்சட்டத்தைக் காட்டி இலங்கைக்கு உதவி மறுக்கப்பட்டது. 1956 இல்தான் அமெரிக்கப் பொருளாதார உதவி வரத் தொடங்கியது. கிடைக்கப்போகும் அரிசியையும் கிடைக்காமற் போகும் உதவியையும் தராசின் இரு தட்டிலும் வைத்துப் பார்த்தே அன்றைய அரசாங்கம் முடிவெடுத்தது.

உடன்படிக்கை ஐந்து ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்தது. இடையில் ஆட்சிகள் மாறின. 1955 இல் பாண்டுங் மாநாட்டில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நாடு நடத்துவதும் குடியேற்ற ஆதிக்கமே என்று பேசிச் சீனப் பிரதமர் சூ என்லாயின் அதிருப்தியைச் சம்பாதித்தார். அதற்காக அரிசிக் கப்பல் நிற்கவில்லை. மேடையில் பேசியது மேடையோடு போயிற்று. கணக்கு கணக்காகவே நடந்தது.

அது ஏன் நிலைத்தது?

இதனை ஏதோ இராசதந்திரச் சாமர்த்தியம் என்று சிலர் புகழ்வதுண்டு. வியாபாரிகளாகிய நாம் வேறு விதமாகப் பார்க்கின்றோம். முதலாவதாக, மற்றவருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட பொருள் நம் கையில் இருந்தது. இரண்டாவதாக, எத்தனை தொன், எத்தனை ஆண்டு என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. விலை காலத்துக்குக் காலம் பேசித் தீர்மானிக்கப்பட்டது. மூன்றாவதாக, அது விற்பனையும் கொள்வனவும், கடன் அன்று. நான்காவதாக, மறுபக்கத்தாருக்கு நாம் கதவை அடைக்கவில்லை. தேயிலையை மேற்கு நாடுகள் தொடர்ந்து வாங்கின.

புறக்கோட்டையில் நாம் அன்றாடம் காண்பதும் இதுதான். ஒரு சில்லறைக் கடைக்காரர் இரண்டு மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுப்பார். அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இவர் இருவருடைய வீட்டுக் கலியாணத்துக்கும் போய் வருவார். ஒருவருடைய விடயத்தை மற்றவரிடம் பேச மாட்டார். இருவரும் இவருக்குச் சரக்குக் கொடுப்பது இவருடைய நாவன்மைக்காக அல்ல. சொன்ன தவணைக்குப் பணம் கட்டுபவர் என்பதற்காக. தவணை தவறத் தொடங்கினால், கலியாணத்துக்குப் போனது கணக்கில் வராது.

அந்த உடன்படிக்கையில் குறையே இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. நெருக்கடி தணிந்த பின் சீனா கூடிய விலை கொடுக்க வேண்டிய அவசியம் குறைந்தது. 1957 இல் புதுப்பித்தபோது அந்த மேலதிக விலை இல்லாமற் போயிற்று. பெரிய வாடிக்கையாளர் கொடுக்கும் நல்ல விலை அவருடைய தேவை உள்ளவரைக்கும்தான். வெளியுறவில் பெற்ற வெற்றி வீட்டுக் கணக்கைச் சரிசெய்து விடாது என்பதற்கும் அன்றைய நாட்களே சாட்சி. உடன்படிக்கை கைச்சாத்தாகி எட்டு மாதமும் ஆகவில்லை. மானியச் சுமை தாங்காமல் 25 சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை அரசாங்கம் 70 சதமாக உயர்த்தியது. 1953 ஆகஸ்ட் 12 இல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

கணக்குப் பார்க்காமல் எடுக்கும் முடிவுக்கு வேறொரு உதாரணமும் உண்டு. 1962 இல் அரசாங்கம் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களைக் கையேற்றது. சோவியத் நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கலாம் என்பது கணக்கு. ஒரு நாடு தன் எண்ணெய் வியாபாரத்தைத் தானே நடத்த விரும்புவதில் பிழையில்லை. ஆனால் நட்டஈடு எவ்வளவு, எப்போது என்பது தீர்க்கப்படாமல் இழுபட்டது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965 இல் ஆட்சி மாறி, நட்டஈட்டுக்கு இணங்கிய பிறகே அது மீண்டும் தொடங்கியது. கொடுக்க வேண்டியதை முதலிலேயே பேசி முடித்திருந்தால் இடைப்பட்ட நட்டம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

பேரேடு குழம்பியபோது

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பனி ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கிடைத்த தொகை ஏறக்குறைய 1.12 பில்லியன் டொலர். இதனைச் சீனாவின் சூழ்ச்சி என்பாரும் உண்டு. நல்ல முதலீடு என்பாரும் உண்டு. அன்று நம் கையிருப்பு பலமாக இருந்திருந்தால் பேரத்தில் நம் குரலும் பலமாக இருந்திருக்கும் என்பதே நமது கருத்து. மேலும் நாட்டின் வெளிக்கடனில் பெரும் பங்கு சீனாவுக்குரியதன்று. அது சர்வதேசச் சந்தையில் முறி விற்றுப் பெற்ற கடன். அதற்குத் தவணையும் கண்டிப்பு, வட்டியும் கூட.

2021 மார்ச்சில் சீனாவுடன் 10 பில்லியன் யுவான் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு செய்யப்பட்டது. டொலர் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை பில்லியன். கேட்கப் பெரிய தொகை. ஆனால் நம்மிடம் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதனைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. தேவை வந்த 2022 இல் அந்தக் கையிருப்பு இருக்கவில்லை. பணப்பெட்டி நிறைந்திருக்கும்போது மாத்திரம் திறக்கும் பணப்பெட்டியாக அது போயிற்று.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அத்தியாவசியப் பொருட்கள் அடங்கிய கொள்கலன்கள் டொலர் இல்லாமல் நூற்றுக்கணக்கில் துறைமுகத்தில் தேங்கின. தாமதக் கட்டணம் ஏறியது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிக்கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டில் இந்தியா பல வழிகளிலும் ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் வரை கை கொடுத்தது. அதில் 1 பில்லியன் உணவும் மருந்தும் போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்கான கடன் வசதி. அந்தச் சரக்கை நம்மில் பலர் விற்றோம். நன்றியுடன் நினைக்கின்றோம். ஆயினும் அதுவும் கடன்தான் என்பதை மறக்கலாகாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சீனக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டைக்கு வருவதா, வேண்டாமா என்று நாடு தடுமாறியதைப் பார்த்தோம். இந்தியா ஆட்சேபித்தது. வரவைத் தள்ளிப்போடும்படி அரசாங்கம் கேட்டது. பின்னர் அனுமதி கொடுத்தது. 2024 இல் எல்லா நாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டு தடை நடைமுறைக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது நல்ல வழிதான். ஆனால் இரு பக்கத்துக்கும் கடன்பட்டு நிற்கும்போது விதி செய்வது, இருதலைக் கொள்ளி எறும்பு வழி தேடுவது போன்றது. கடன் இல்லாத காலத்திலேயே செய்திருந்தால் அதற்கு மதிப்பு வேறு.

நண்பனிடம் மாத்திரம் வாங்கினாலும் ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் இந்தியா தன் நாட்டு விலையைக் கட்டுப்படுத்தப் பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. பகை எதுவும் இல்லை. தன் மக்களைப் பார்த்தது. ஆனால் நம் கடைகளில் வெங்காய விலை தாறுமாறாக ஏறியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன் அனுமதிக்கப்பட்ட பின்னரே மூச்சு வந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் அவ்வாறே. நமது தைத்த ஆடைகளுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 2025 ஏப்ரல் 2 இல் அந்நாடு இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரியை அறிவித்தது. ஜூலையில் 30 வீதம் என்றது. ஆகஸ்டில் 20 வீதமாக்கியது. நாம் எந்தப் பக்கமும் சாய்ந்ததற்கான தண்டனையல்ல அது. அவர்களுடைய கணக்கு அப்படிச் சொல்லிற்று.

இக்காலத்தில் ஆறுதல் தரும் ஒரு காரியமும் நடந்தது. முன்னர் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் பாக்கி இருந்தது. அமெரிக்கத் தடைகளினால் வங்கி வழியாகக் கட்டவும் சிரமம். 2021 டிசம்பரில் அக்கடனைத் தேயிலையாகக் கொடுப்பதென்று இணக்கம் ஏற்பட்டு, 2023 இல் நடைமுறைக்கு வந்தது. அளவில் சிறிய காரியந்தான். ஆனால் 1952 இன் வழி இன்னும் அடைபடவில்லை என்பதற்கு அது சான்று. நம் கையில் உள்ள பொருள், அவருக்கு வேண்டிய பொருள், எழுதிய தொகை.

ஒரு மறுப்பும் நமது விடையும்

"அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு" என்று சில நண்பர்கள் சொல்வர். இன்று சீனாவும் அமெரிக்காவும் இந்தியாவும் சிறிய நாட்டின் ஒவ்வொரு அசைவையும் கவனிக்கின்றன, ஒருவரைப் பலமாகப் பிடித்துக்கொள்வதே புத்தி என்பர். அவ்வாறு பிடித்துக்கொண்டால் வியாபாரம் இலகுவாகும் என்று எண்ணுவது இயல்பே.

நமது கடை அலுமாரியைப் பார்த்தாலே இதற்கு விடை தெரியும். பெரிய வெங்காயம் இந்தியாவிலிருந்து வருகின்றது. வெள்ளைப்பூண்டு சீனாவிலிருந்து வருகின்றது. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றது. நமது தேயிலை ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் போகின்றது. ஆடை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றது. இதில் எந்தக் கதவை அடைத்து எந்தக் கதவால் வாழ்வது? கடன் தீர்க்கும் விடயத்தில்கூட 2024 ஜூனில் ஒரே நாளில் இரு உடன்பாடுகள் செய்ய வேண்டி வந்தது. இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் தலைமை வகித்த குழுவுடன் ஒன்று. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடன் மற்றொன்று. ஒருவரை விட்டு மற்றவருடன் கணக்குத் தீர்க்க முடியாது.

நாம் கேட்பது என்ன?

அரசாங்கத்திடம் நாம் மூன்று விடயங்களைக் கேட்கின்றோம். வெளிநாட்டுடன் செய்யும் ஒவ்வொரு வர்த்தக, கடன் உடன்படிக்கையும் தொகை, வட்டி, தவணை, நிபந்தனை உட்பட வெளியிடப்பட வேண்டும். நிபந்தனை தெரிந்திருந்தால் யுவான் ஏற்பாட்டை நம்பி எவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, அத்தியாவசிய உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து வாங்கும் வழி முன்கூட்டியே அமைக்கப்பட வேண்டும். சில மாதத்துக்கான இருப்பும் வேண்டும். மூன்றாவது, இறக்குமதித் தடையோ வரி மாற்றமோ வருமுன் வர்த்தக சங்கங்களை அழைத்துக் கேட்க வேண்டும். நள்ளிரவில் வரும் வர்த்தமானியைக் காலையில் கடை திறக்கும்போது அறிவது நியாயமன்று.

நம்மவர்களிடமும் ஒன்று கேட்கின்றோம். 2021 ஆகஸ்ட் இறுதியில் உணவுப் பதுக்கலைத் தடுக்கவென்று அவசரகால விதிகள் வந்தபோது, வியாபாரி என்றாலே பதுக்கற்காரன் என்று மக்கள் பார்த்தனர். பெரும்பான்மையோர் அப்படிச் செய்யவில்லை. சிலர் செய்தனர் என்பதை மறைப்பதால் நமக்குப் பெருமை இல்லை. ஆட்சியாளரிடம் கணக்கைத் திறந்து காட்டச் சொல்பவர்கள் தங்கள் களஞ்சியத்தைப் பூட்டி வைத்திருக்கலாகாது. அதுபோலவே ஒரே தரகரை, ஒரே நாட்டை நம்பிச் சரக்கெடுக்கும் பழக்கத்தை இறக்குமதியாளர்கள் சற்று மாற்ற வேண்டும். சிறிய இறக்குமதியாளர்கள் பலர் சேர்ந்து இரண்டாவது நாட்டிலிருந்து ஒரு கொள்கலன் எடுப்பதானால், அதற்கான ஏற்பாட்டில் சங்கம் முன்னிற்க வேண்டும்.

பெரிய நாடுகள் நாளை கைகுலுக்கவும் கூடும். மேலும் முறைத்துக்கொள்ளவும் கூடும். எல்லோருடனும் மரியாதையாக இருப்போம். எல்லோருக்கும் விற்போம், எல்லோரிடமும் வாங்குவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது, போட்டதைத் திருப்பி எடுக்கலாம் என்பதற்காக அன்று. என்ன போயிற்று, என்ன மிஞ்சியது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே. நாட்டின் கணக்கும் அவ்வாறு அளக்கப்பட வேண்டும். அளந்த கணக்கை நாட்டு மக்களும் பார்க்க வேண்டும்.